டிரோன் டிப்ளமோவுக்குப் பணம் கட்டும் முன்

ஆச்சி, மகன் பிளஸ் டூ முடித்ததும் "ஆறு மாத டிஃபென்ஸ் டிரோன் டிப்ளமோ"வில்தான் சேருவேன், இன்ஜினியரிங் வேண்டாம் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவன் ஆசையில் தவறில்லை. பணத்தை எங்கே கட்டுவது என்பதில்தான் பேச வேண்டியிருக்கிறது.

2021-ல் கல்லூரியில் சேர்ந்து 2025-ல் பட்டம் வாங்கிய ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் முதலாண்டு படிக்கும்போது உக்ரைன் போர் தொடங்கியது. அப்போது எங்கும், உக்ரைன் பறக்கவிட்ட துருக்கியின் பைரக்தார் டிபி2 டிரோன் பற்றித்தான் பேச்சு. 2020-ல் நகோர்னோ கராபாக் சண்டையில் பேர் வாங்கியது அது. ரஷ்யா தன் ரேடார்களையும் ஏவுகணைகளையும் ஒழுங்கு செய்துகொண்டதும், பெரிதாகவும் மெதுவாகவும் பறக்கும் டிபி2 முன்வரிசையிலிருந்து ஒதுங்கிவிட்டது. 2022 செப்டம்பரில் ரஷ்யா கையில் ஈரானின் ஷாஹெட்-136 வந்தது, இலக்கில் போய் மோதி வெடிக்கும் டிரோன் அது. 2023-ல் எஃப்பிவி டிரோனின் முறை: பந்தயத்துக்குச் செய்த நாலு மோட்டார் டிரோன், அதன் கேமரா காட்டுவதை ஓட்டுபவர் கண்ணில் மாட்டிய திரைக்கண்ணாடியில் பார்ப்பார். அதன் ரேடியோ தொடர்பை முடக்க ஜாமர்கள் வந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸிலும் 900 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலும் இரைச்சலைக் கொட்டின. டிரோன்காரர்கள் வேறு அலைவரிசைக்கு மாற, ஜாமர்காரர்கள் பின்னாலேயே போனார்கள். 2024-ல் ரஷ்யா ரேடியோவையே கைவிட்டு, மெல்லிய கண்ணாடி இழையைப் பத்து கிலோமீட்டருக்கு மேல் அவிழ்த்துக்கொண்டே பறக்கும் டிரோனைக் களத்தில் இறக்கியது. அதனிடம் ஜாமர் பலிக்காது. ஆனால் இழைச் சுருளின் கனம் சுமைத்திறனைத் தின்னும். இழை மரக்கிளையில் சிக்கும். எதிர்த்தரப்பு சாலைகளுக்கு மேலேயே வலை கட்டிவிட்டது. 2025-ல், டிரோனை மோதி வீழ்த்தும் டிரோன்களுக்கு முறை வந்தது.

நாலு வருஷத்துக்குள் இத்தனை மாற்றம். ஆறு மாதப் படிப்பு இதில் ஏதோ ஒன்றின் இன்றைய மாடலைத்தான் காட்டித்தரும்.

கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் உடனே பிடிபடும். ஒரு ஷாஹெட் 20,000 முதல் 50,000 டாலர் என்று மதிப்பிடுகிறார்கள். அதை வீழ்த்த ஒரு பேட்ரியட் ஏவுகணையை விட்டால் சுமார் 40 லட்சம் டாலர். குறி தப்பாமல் அடித்தாலும் ஐந்தொகையில் நஷ்டம். அதனால்தான் பழைய பீரங்கிகளுக்கு மறுபடி மவுசு. 2025 மே மாதம் பாகிஸ்தான் டிரோன்களை அனுப்பியபோது, நம் ராணுவம் எல்-70 என்ற பழைய 40 மில்லிமீட்டர் பீரங்கிகளையும் பயன்படுத்தியது. மலிவாக வீழ்த்துவது எப்படி என்பதுதான் இப்போதைய கேள்வி. அதைத் தீர்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் வேலை இருக்கும்.

எதைப் படித்தால் அது வரும்? டிரோனுக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தூரம் இரு மடங்கானால் சமிக்ஞையின் வலு நாலில் ஒன்றாகும் என்பதை உங்கள் மகன் இயற்பியலில் படித்திருப்பான். அவ்வளவு தூரம் வந்து தேய்ந்த சமிக்ஞையை, பக்கத்தில் நிற்கும் சில வாட் ஜாமர் எளிதாக அமுக்கிவிடும். தப்பிக்கப் பல ஆண்டெனாக்களைச் சேர்த்து, ஜாமர் இருக்கும் திசையை மட்டும் "காது கேளாத" திசையாக்குகிறார்கள். அடியில் ஓடுவது மேட்ரிக்ஸ் கணக்கு. ரேடாரில் சின்ன டிரோனும் பறவையும் ஒரே மாதிரித் தெரியும். டிரோனின் இறக்கை சுழல்வதால் எதிரொலியில் வரும் நுண்ணிய அதிர்வெண் மாற்றத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். இழை டிரோன் ரேடியோ அலையே வெளியிடாது என்பதால் ரேடியோவை ஒட்டுக்கேட்கும் கருவி அதன் முன் குருடு. அங்கே ரேடார், கேமரா, ஒலி உணரிதான் கைகொடுக்கும். மாடல் எத்தனை மாறினாலும் இந்த அடிப்படைகள் மாறவில்லை.

ஆகவே என் கருத்து: இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு), அல்லது இஇஇ (எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ்). காரைக்குடியிலேயே அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் இரண்டும் உண்டு. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையான டிஎன்இஏவில் கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் போகும் ஒரு சதவீதம், மற்ற இரண்டில் போவதைப் போல இரு மடங்கு இடிக்கும். வேதியியலில் பிரியமுள்ள பிள்ளையானால், காரைக்குடியிலேயே இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியை மறந்துவிடாதீர்கள். கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் பி.டெக். அங்கே இருக்கிறது. டிரோன் எவ்வளவு நேரம் காற்றில் நிற்கும் என்பதைப் பேட்டரிதான் முடிவு செய்கிறது. ஊர்க்காரர்களே இந்தப் படிப்பைக் கவனிப்பதில்லை. படித்து முடித்தவர்கள் பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வு எழுதி, ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவில் விஞ்ஞானி 'பி' பதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் டிரோன் ஓட்டுநர் சான்றிதழ் வேறு சமாச்சாரம். 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் போதும். சில நாள் பயிற்சிதான். மருந்து தெளிப்பு, நில அளவை வேலைக்கு அது உதவும். ஒரு கோடை விடுமுறையில் எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் அதைப் பட்டத்துக்கு ஈடாக நினைக்க வேண்டாம். பணம் கட்டும் முன், அந்த நிறுவனம் டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சி நிலையமா என்று பட்டியலில் பாருங்கள். "ராணுவத்தில் வேலை உறுதி" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தக் காலத்துக் கடையில் எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாகத்தான் தொழில் தொடங்கும். இவனும் வீட்டில் அப்படித் தொடங்கட்டும். முதலில் கணினியில் சிமுலேட்டர், குறைந்தது 20 மணி நேரம். அதில் நூறு முறை விழுந்தாலும் செலவில்லை. அப்புறம் சால்டரிங், அதாவது ஈயப் பற்றவைப்பு. முதல் டிரோனில் வழக்கமாக நடப்பது இரண்டு: இறக்கையைத் திசை மாற்றிப் போட்டு, கிளப்பியதும் குப்புற விழும், பேட்டரிக் கம்பிகளுக்கு இடையே கெப்பாசிட்டர் போடாமல் விட்டு, மின்னழுத்த எகிறலில், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி கருகும். மோட்டார் சோதனை எப்போதும் இறக்கையைக் கழற்றிவிட்டுத்தான். ரேடியோவைப் புரிந்துகொள்ள, கணினியில் செருகி அலைகளைக் கேட்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் கருவி ஒன்று வாங்கிக் கொடுங்கள். அது சுமார் 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் எட்டாது, அதற்காகக் கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். ஜாமர் மட்டும் செய்து பார்க்கக் கூடாது. அரசு அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். ஆர்வத்தில் செய்தேன் என்றால் காவல் நிலையத்தில் எடுபடாது. ரேடியோவில் அலைபரப்பும் ஆசை அடங்காவிட்டால், பொழுதுபோக்காக அதைச் செய்ய அனுமதிக்கும் ஹாம் ரேடியோ உரிமத் தேர்வு எழுதட்டும்.

லித்தியம் பாலிமர் பேட்டரி ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. பறக்காத நாளில் 3.8-ல் வைக்க வேண்டும். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது. பட்டாசாலையில், பர்மா தேக்குத் தூண் பக்கத்தில் சார்ஜ் போட விடாதீர்கள் ஆச்சி. பின்கட்டில், வெறும் சிமெண்ட் தரையில், மண் சட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்.