உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

கேள்வி: சண்டைச் சேவலின் காலில் கட்டும் பழைய சேவல் கத்திகளைச் சேகரித்து வருகிறேன். துருவையும் கறையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று பாலீஷ் ஏற்றி, வெல்வெட் பெட்டியில் அடுக்கியிருக்கிறேன். 'கொலைக் கருவியைக் கொண்டாடுகிறீர்கள்' என்று மகள் சண்டைக்கு வருகிறாள். இது நம் பாரம்பரியக் கலைப்பொருள் இல்லையா? வைத்திருப்பது தவறா?
- வாசகர், ஈரோடு

பதில்: மகளோடு நடக்கும் வழக்கைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த உப்புத்தாளைக் கீழே வையுங்கள்.

சேவல் கத்தியின் அடிப்பகுதி காலோடு ஒட்டிக் கிடக்க, மேலே நூலை இறுக்கிச் சுற்றிக் கட்டுவார்கள். பல கட்டுகள் கண்ட கத்தியில் அந்த நூலின் தடம் இருக்கும். முனைப் பக்கம் சாணை பிடித்த கீறல்கள், முதுகில் பட்டறைச் சுத்தியலின் தட்டு, இடுக்கில் காய்ந்த கருப்பு. எந்தக் கொல்லர் அடித்தார், எத்தனை முறை தீட்டினார்கள், எந்தக் காலில் கட்டினார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. நீங்கள் தேய்த்து எடுத்தது அழுக்கை அல்ல, அந்தச் சாட்சியை. மிஞ்சியிருப்பது நேற்றுச் சந்தையில் வாங்கியதாகவும் இருக்கக்கூடிய ஒரு இரும்புத் துண்டு.

இந்தப் 'பளபள' மீது எனக்குள்ள கோபம் பழையது, வாசகர்களுக்குத் தெரியும். திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவர்களின் மேல் அழுத்தத்தோடு மணலை வீசியடித்த காலத்தில் இதே பக்கத்தில் கத்தினேன். 'அழுக்குக் கோயிலில் சாமி கும்பிடச் சொல்கிறீர்களா' என்று திட்டிக் கடிதங்கள் வந்தன. கருங்கல்லில் விரல்நுனி ஆழம்கூட இல்லாமல் வெட்டிய எழுத்து மணல் பட்டால் என்ன ஆகும்? ஊர்ச் சபை யாருக்கு எவ்வளவு நிலம் கொடுத்தது, அணையா விளக்குக்கு யார் எத்தனை ஆடு விட்டார்கள் என்ற கணக்கெல்லாம் மாவாக உதிர்ந்து தரையில் கிடந்தது. சுவர் சுத்தமாக இருந்தது. சுத்தம் என்ற பெயரில் நாம் அழித்த வரலாறு, படையெடுத்து வந்தவன் அழித்ததற்குக் குறைந்ததல்ல என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

சரி, பாரம்பரியத்துக்கு வருவோம். விழுப்புரம் மாவட்டத்தில் அரசலாபுரம் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. சுமார் 5-ஆம் நூற்றாண்டு. அதில் வில்லேந்திய வீரன் இல்லை. ஒரு சேவல் நிற்கிறது. முகையூர் மேற்சேரிக் கோழி என்று பக்கத்தில் வெட்டியிருக்கிறார்கள். இந்தளூர் என்ற ஊரின் கல்லில் கீழ்ச்சேரிக் கோழி. அதற்குப் 'பொற்கொற்றி' என்று பெயரே உண்டு. போரில் விழுந்த மனிதனுக்குச் செய்த மரியாதையைப் பறவைக்கும் செய்திருக்கிறார்கள். சண்டைக்கு விட்டவர்கள்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் கல்லெடுத்தது சேவலுக்கு. உங்கள் வெல்வெட் பெட்டியில் சேவலுக்கு எங்கே இடம்?

குறுந்தொகை 305-ஆம் பாட்டில் 'குப்பைக் கோழித் தனிப்போர்' வருகிறது. குப்பைமேட்டில் தாமாக மோதிக்கொள்ளும் கோழிகள். மூட்டிவிடவும் ஆளில்லை, விலக்கிவிடவும் ஆளில்லை. எழுதிய புலவரையே குப்பைக் கோழியார் என்கிறோம். சேவலுக்குக் காலில் முள் இருக்கிறது, சண்டைக்குணம் இருக்கிறது, அது இயற்கை. கத்தி மனிதன் கட்டியது. கத்தி கட்டாத வெற்றுக்கால் சண்டையில் நடுவில் பிரித்துத் தண்ணீர் காட்டி மறுபடி விடுவார்கள், நேரம் பிடிக்கும். கத்திக்கால் என்றால் நிமிஷங்களில் ஒன்று செத்துவிடும். இளைத்த சேவலின் குருட்டு வீச்சும் வளர்ந்த சேவலைச் சாய்த்துவிடலாம். அடுத்த ஜோடி, அடுத்த பந்தயம். என் கணக்கில் கத்தி சேவலுக்காக இருப்பதல்ல, சூதாட்டத்துக்காக இருப்பது. பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள் பந்தயப் பணத்தை ஒரு பொங்கலுக்காவது நிறுத்திவைத்துவிட்டுக் களத்தைப் பார்க்கட்டும். எத்தனை பேர் நிற்பார்கள்?

2021 பிப்ரவரியில் தெலங்கானாவின் ஜகித்யால் மாவட்டத்தில், காலில் கத்தி கட்டிய சேவல் திமிறியதில் பிடித்திருந்தவருக்கே கவட்டில் வெட்டு விழுந்து உயிர் போயிற்று. சேவலைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். கத்தியைக் கட்டிய கைகளைத் தேட வேண்டியிருந்தது.

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. விலங்குகளைச் சண்டைக்கு மூட்டிவிடுவது அதன் 11-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அறுபது வருடத்துக்கு மேலாக அதே தொகை. லட்சங்கள் புரளும் களத்தின் முன்னால் இந்தச் சட்டத்தை வைத்தது வெட்கக்கேடு. இதைத் திருத்தச் சொல்லி எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

இனி உங்கள் கேள்வி. பழைய கத்தியை வைத்திருப்பது தவறில்லை. இங்கிலாந்தில் 1835-லேயே சேவல் சண்டையைத் தடை செய்தார்கள். அந்தக் காலத்தில் சேவலின் காலில் கட்டிய உலோக முட்கள் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் நீங்கள் புதிய கத்தியை வாங்கினால், அல்லது 'பழசு' என்று தரகர் நீட்டுவதைக் கேள்வி கேட்காமல் வாங்கினால், பட்டறைக்கு அடுத்த ஆர்டர் போகிறது. அந்த அடுத்த கத்தி பெட்டிக்கு வராது, களத்துக்குப் போகும். உங்கள் மகளின் கோபம் அங்கே நூற்றுக்கு நூறு நியாயம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இனிமேல் காசு கொடுத்து வாங்காதீர்கள். இருக்கிற கத்திகளைத் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் லேசாகத் துடைத்தால் போதும். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும். ஒவ்வொரு கத்திக்கும் ஒரு அட்டை எழுதுங்கள்: எந்த ஊர், யார் அடித்தது, யார் கட்டியது, கிடைத்தது எப்படி, அதனால் விழுந்த சேவலின் நிறமாவது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா. கத்தி கட்டிப் பழகிய கட்டுக்காரப் பெரியவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். அட்டையை எழுத மகளைக் கூப்பிடுங்கள். நீங்கள் விட்டுவிடப் பார்க்கும் வரிகளை அவள் விடமாட்டாள்.

உப்புத்தாள் படாத கத்தி இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது? அதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.