காய்கறி பர்கர் பேட்டி: கேளுங்கள், சொல்கிறேன்

வீட்டு அடுப்பில் காய்கறி பேட்டி (பர்கர் பன்னுக்குள் வைக்கும் தட்டையான வடை) செய்து பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. பேட்டி பற்றி எந்தச் சந்தேகமானாலும் கேளுங்கள். கோழி, மீன் மட்டும் வேண்டாம், நான் சமைப்பதில்லை.

அக்கா, தோசைக்கல்லில் திருப்பினாலே உடைந்துபோகிறது. மைதா கூடச் சேர்க்கட்டுமா?

வேண்டாம். மாவு குறைந்ததால் உடையவில்லை, தண்ணீர் அதிகமானதால் உடைகிறது. கேரட், பீன்ஸ் இரண்டிலும் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். சூடு ஏறினால் அது ஆவியாகி வெளியே வரப் பார்க்கும், பேட்டியைப் பிளந்துவிடும். மாவைக் கொட்டினால் ஈரம் அடங்கும், சரி. ஆனால் நடுவில் மாவு வேகாமல் பிசுபிசுக்கும், காயின் ருசியும் போய்விடும். முதலில் தண்ணீரை எடுங்கள், அப்புறம் மாவைப் பற்றி யோசிக்கலாம்.

நான் செய்யும் அளவு, 6 பேட்டிக்கு: உருளைக்கிழங்கு 200 கிராம், கேரட் 100, பீன்ஸ் 75, பச்சைப் பட்டாணி 75, வேகவைத்த கறுப்புக் கொண்டைக்கடலை 100, வெங்காயம் ஒன்று, பொட்டுக்கடலை மாவு 4 மேசைக்கரண்டி. காரமும் மசாலாவும் உங்கள் வீட்டு வழக்கப்படி.

கேரட்டைத் துருவி, அரை டீஸ்பூன் உப்பு போட்டுப் பத்து நிமிடம் வைத்து, மெல்லிய துணியில் கட்டிப் பிழியுங்கள். சாறு வரும், அதை ரசத்தில் ஊற்றிக்கொள்ளலாம். பீன்ஸையும் பட்டாணியையும் ஆவியில் வேகவையுங்கள். வெங்காயத்தோடு சேர்த்து ஒரு ஸ்பூன் எண்ணெயில், வாணலியில் ஈரமே தெரியாத வரை வதக்குங்கள். கிழங்கைத் தோலோடு வேகவைத்து, முழுக்க ஆறவைத்து, உரித்துத் துருவுங்கள். மிக்ஸியில் அடித்தால் மாவுச்சத்து வெளியே வந்து பசையாகிவிடும். கடலையை ஒன்றிரண்டாக மசித்தால் போதும், கடிக்கும்போது பல்லில் தட்டுப்பட வேண்டும். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது என்பதால் பச்சை வாசனை இல்லாமல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

90 கிராம் உருண்டையாக எடுத்து ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மிதமான தீயில் பக்கத்துக்கு நான்கு நிமிடம் விடுங்கள். அடிப்பக்கம் தானாகக் கல்லை விடும்வரை கரண்டியால் தொடாதீர்கள்.

கடலைக்குப் பதில் ராஜ்மா போடலாமா மேடம்? எங்களிடம் மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பானை இருக்கிறது.

ராஜ்மா போடலாம், அந்தப் பானையில் மட்டும் வேகவைக்காதீர்கள். பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப்பொருள் உண்டு. குறைந்த சூட்டில் அது அழியாது. சரியாக வேகாத ராஜ்மா கொஞ்சம் சாப்பிட்டாலே கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அதன் பிறகு மெதுவாக வேகட்டும். பிரஷர் குக்கர் என்றால் பயமே இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. எத்தனை பேட்டி கொடுக்கலாம்?

அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். மேலே சொன்ன பொருள்களின் அளவைக் காட்டினால் அவர் சொல்லிவிடுவார்.

ஏர் ஃப்ரையரில் வருமா?

வரும். இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி, 190 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்புங்கள்.

காளான் பேட்டி சொதசொதவென்று ஆகிறது.

தண்ணீர்தான். பொடியாக நறுக்கி, அகலமான வாணலியில் பெரிய தீயில் வதக்குங்கள். தண்ணீர் விடும், வற்றும், அப்புறம் ஓரம் சிவக்கும். சிவந்த பிறகுதான் கலவையில் சேர்க்க வேண்டும்.

அக்கா, கோபப்படாதீர்கள். நீங்கள் சொல்வது நம் ஊர் வெஜிடபிள் கட்லெட்தானே? பன்னுக்குள் வைத்ததும் பர்கர் ஆகிவிடுமா?

(கீழேயே இன்னொருவர்: "அதானே, ரயிலில் விற்கும் கட்லெட்டுக்கு ஆங்கிலப் பெயர்." வேறொருவர்: "கறி இல்லாமல் பர்கரே கிடையாது.")

கோபமில்லை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியே இதுதான். கட்லெட்டைத் தனியாகச் சாப்பிடுகிறோம். மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய் போல மசிந்த கிழங்கு, அதுதான் அதன் அழகு. கேரளத்தில் இந்தியன் காபி ஹவுஸின் பீட்ரூட் கட்லெட்டை ஃபோர்க்கால் தொட்டாலே பிளந்துகொள்ளும், அப்படித்தான் இருக்க வேண்டும். அதையே பன்னுக்குள் வைத்துக் கடித்துப் பாருங்கள். உள்ளிருப்பது பக்கவாட்டில் பிதுங்கிக் கையில் வழியும். பன்னும் மெத்து, கிழங்கும் மெத்து, பல்லுக்கு வேலையே இல்லை. அதனால்தான் கிழங்கை மூன்றில் ஒரு பங்காக நிறுத்திக் கடலை சேர்க்கிறேன். பேட்டி பன்னோடு சேர்ந்து ஒரே கடியில் அறுபட வேண்டும்.

கறி இல்லாமல் பர்கர் இல்லை என்றவருக்கு: லண்டனில் கிரெகரி சாம்ஸ் 1982இல் 'வெஜிபர்கர்' என்ற பெயரிலேயே உலர்கலவை விற்றார். தாவர உணவுக்கு 'பர்கர்' என்ற பெயர் கூடாது என்ற யோசனை 2020இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் தோற்றது, 2025இல் திரும்ப வந்து பெரும்பான்மை பெற்றது. அவர்களே ஒரு முடிவில் நிற்கவில்லை. எனக்கு அளவுகோல் கடிதான். கையில் பிடித்துக் கடைசி வாய்வரை குலையாமல் சாப்பிட முடிந்தால் அது பர்கர்.

("ஆலு டிக்கி பர்கரை என்ன சொல்வீர்கள்?")

அது பெரும்பாலும் கிழங்கு என்பது உண்மை. ஆனால் மேலே ரொட்டித்தூள் ஓடு கெட்டியாக இருப்பதால் தாங்குகிறது. ஓடு நமத்துப்போன பிறகு சாப்பிட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

உடைகிறது மேடம். சோளமாவு எவ்வளவு போட?

முதல் பதிலைப் படியுங்கள். தண்ணீர்.

சுரைக்காய் போட்டேன், உருண்டையே பிடிக்க வரவில்லை.

தண்ணீர். உப்புப் போட்டுப் பிழியுங்கள்.

முட்டை ஊற்றினால் பிடித்துக்கொள்ளுமா?

ஈரமான கலவையில் முட்டை இன்னும் கொஞ்சம் ஈரம்தான். முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள், தயவுசெய்து.

உருளைக்கிழங்கே இல்லாமல் முடியுமா அக்கா?

நல்ல கேள்வி. வாழைக்காயை இரண்டாக வெட்டித் தோலோடு முக்கால் பதம் வேகவைத்து, ஆறியதும் உரித்துத் துருவுங்கள். கிழங்கைவிட ஈரம் குறைவு, பிடிப்பு அதிகம். மிளகு, சோம்பு தட்டிப் போட்டால் அருமையாக இருக்கும். சேனையும் நன்றாக வரும். ஆனால் அரிப்பு போகப் புளித்தண்ணீரில் நன்றாக வேகவைத்து, வடித்து, தண்ணீர் சுண்ட வாணலியில் பிரட்டிவிட்டுச் சேருங்கள்.

ஃப்ரீசரில் எத்தனை நாள்?

ஒரு மாதம். தட்டில் தனித்தனியாக உறையவைத்து, அப்புறம் நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள். உருகவிடாமல் அப்படியே சின்னத் தீயில் கல்லில் போடுங்கள். உருகினால் மறுபடியும் தண்ணீர்தான்.

அக்கா, முதலில் கேட்டது நான்தான். பிழிந்து செய்தேன், உடையவில்லை! ஓரம் மட்டும் வெடிக்கிறது.

ரொம்பச் சந்தோஷம். தட்டும்போது நடுவில் அழுத்துகிறீர்கள், அதனால் ஓரம் விரிகிறது. உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் ஓரத்தைச் சுற்றி உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டே வாருங்கள். அதன்பின் ஃபிரிட்ஜில் வையுங்கள்.