சூடு எங்கே போகும்?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து இரண்டு பேர் போகிற சின்ன விமானம் ஒன்று கட்டுகிறோம். மஸ்தா ஆர்எக்ஸ்-8 காரின் ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழல்வது) கைக்கு வந்திருக்கிறது. மஸ்தாவின் 787பி ரேஸ் கார் மாதிரி, காற்று நுழைகிற துவாரமான போர்ட்டை அகலமாக்கி, அதன் பக்கத்தில் பிரிட்ஜ் போர்ட் என்கிற கூடுதல் துவாரமும் வெட்டினால் பவர் எவ்வளவு கூடும்?

தம்பி,

கூடும். ஆனால் எதற்கு? இரண்டு ரோட்டரும் சேர்ந்து 1308 சிசி. ஜப்பானில் விற்றபோதே 8500 ஆர்பிஎம்மில் 250 குதிரைசக்தி. இரண்டு பேரைத் தூக்க இது போதாதா? 1991-ல் லே மான்ஸ் 24 மணி நேர ரேஸில் ஜெயித்த 787பி-க்கு நாலு ரோட்டர். போர்ட் இருக்கும் இடமே வேறு. பிரிட்ஜ் போர்ட்டின் பலன் உச்ச ஆர்பிஎம்மில்தான் தெரியும். அதை விடுங்கள்.

கடிதத்தில் ரேடியேட்டர் பற்றி ஒரு வரி இல்லையே! பிஸ்டன் இன்ஜினில் எரிந்த இடத்துக்கே அடுத்து குளிர்ந்த காற்று வரும். ரோட்டரியில் பிளக் இருக்கிற பக்கம் எப்போதும் நெருப்பு, காற்று நுழைகிற பக்கம் எப்போதும் குளிர்ச்சி. ரோட்டரைச் சுற்றியிருக்கிற அலுமினிய ஹவுசிங்கும் இருபுறத்து இரும்புத் தட்டும் ஒரே அளவில் விரிவதும் இல்லை. ஒருமுறை நன்றாகக் கொதித்தால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வாட்டர் சீல் நசுங்கித் தண்ணீர் உள்ளே கசியும்.

கயத்தாறு பக்கம் எங்கள் சித்தப்பா, தண்ணீர் அதிகம் கொட்டட்டும் என்று கிணற்றுப் பம்பை ஓட்டுகிற ஆயில் இன்ஜினில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கை இறுக்கிவைத்தார். கொட்டவும் செய்தது. இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீரும் அந்த டெலிவரி பைப்பிலிருந்து சிறு குழாயில் வருவதுதான். சித்திரையில் கிணறு வற்றி, பம்பு காற்றை இழுத்தது. சித்தப்பா வயலில் மடை மாற்றிக்கொண்டிருந்தார். பிஸ்டன் லைனரோடு ஒட்டிப்போனது. மனுஷர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார்!

உங்களுக்கும் அதே சித்திரைதான். முழு திராட்டிலில் மேலே ஏறும்போது சூடு உச்சத்தில் இருக்கும், வேகம் குறைவு, ரேடியேட்டருக்குப் போகிற காற்றும் குறைவு. சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கை ஆயில் சுமக்கிறது. ஆயில் கூலரும் பெரிதாக வேண்டும். ரேடியேட்டரை மூக்கில் தொங்கவிட்டால் ஆகாது. சின்ன வாய், பின்னால் மெல்ல அகலும் காற்றுப் பாதையான டக்ட், ஓரத்தில் காற்று நழுவாதபடி ரப்பர் அடைப்பு, அப்புறம் தாராளமான வெளிவழி. இந்த வெளிவழியைத்தான் மறந்துவிடுவார்கள். உள்ளே போன காற்று வெளியேறாமல் புதுக்காற்று எப்படி நுழையும்?

விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ-வின் அனுமதி பற்றியும் மூச்சே இல்லை. அது தனிச் சண்டை. நம்மூர்ப் பிள்ளைகள் விமானம் கட்டுகிறார்கள் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அதனால்தான் திட்டுகிறேன். கிரைண்டரைக் கீழே வையுங்கள். இன்ஜினை ஸ்டாண்டில் கட்டி, நடு மத்தியானத்தில் ஓட்டி, தண்ணீர்ச் சூட்டையும் ஆயில் சூட்டையும் எழுதி அனுப்புங்கள். டக்டின் படமும் வேண்டும்.