சண்டைல ஊர விட்டு வந்த பிள்ளைங்க படிப்பு ஏன் நின்னுபோகுது?

பக்கத்து நாட்டுக்கு தப்பிச்சு வந்துட்டா அங்கயே ஸ்கூல்ல சேர்ந்துக்கலாமே, அப்புறம் என்ன பிரச்சனைன்னு கேட்டிருக்கீங்க. இடம் கிடைக்கறது பாதிதாங்க. 2011ல சிரியாவுல சண்டை ஆரம்பிச்சு லட்சக்கணக்குல ஜனம் லெபனானுக்கு வந்துச்சு, கவர்மென்ட் ஸ்கூல்ல இடம் பத்தல, அதனால காலைல லெபனான் பசங்க, மதியத்துக்கு மேல அதே பெஞ்சுல சிரியா பசங்கன்னு ரெண்டு ஷிஃப்ட் ஆக்கினாங்க.

பெரிய அடி மொழிலதான். சிரியாவுல கணக்கு, சயின்ஸ் எல்லாமே அரபில படிச்ச புள்ள லெபனான்ல அதையே பிரெஞ்சுலயோ இங்கிலீஷ்லயோ படிக்கணும். ஊர்ல கணக்குல நல்ல மார்க் வாங்கினவனுக்கு இங்க கேள்வியே புரியாது, தன்னவிட ரெண்டு மூணு வயசு கம்மியான பசங்களோட உக்காரணும், கூச்சத்துலயே நின்னுடுவான்.

மேல் வகுப்புன்னா பழைய சர்டிபிகேட் கேப்பாங்க. குண்டு விழும்போது யாருங்க மார்க் ஷீட்ட தேடி எடுத்துட்டு ஓடுவா?

இதுக்கு மேல காசு. லெபனான்ல அகதிங்க நிறைய தங்கியிருக்கற பெக்கா பள்ளத்தாக்குல கூடாரம் போட்ட நிலத்துக்குகூட வாடகை குடுக்கணும், பஸ்ஸுக்கு குடுக்க வழியில்லாம பையன் உருளைக்கிழங்கு வயலுக்கு போறான், பொண்ண சீக்கிரமே கட்டிக் குடுத்துடுறாங்க.