எல்லாருக்கும் அனுமதித்துவிட்டால் ஊக்கமருந்து நியாயமாகிவிடுமா?

"எப்படியும் பாதிப்பேர் எடுக்கிறார்கள். ஊக்கமருந்தை எல்லாருக்கும் அனுமதித்துவிட்டால் போட்டி சமமாகிவிடுமே? அவரவர் உடம்பு, அவரவர் முடிவு" என்று கேட்டிருக்கிறீர்கள். அனுமதிக்கவே கூடாது என்பதுதான் என் பதில். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த 'அவரவர் முடிவை' யார் எடுக்கிறார்கள் என்று தினமும் பார்க்கிறேன்.

கடைக்கு வரும் பையன்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயது இருக்கும். டாக்டர் சீட்டு இருக்காது. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு போட்டோவைக் காட்டி, "அண்ணா, இந்த ஊசி இருக்குங்களா?" என்பார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் நான்ட்ரோலோன், தசையை ஏற்றும் ஸ்டீராய்டு ஹார்மோன் ஊசி. யார் சொன்னது என்று கேட்டால், "ஜிம் மாஸ்டர்ங்க." எதற்கு என்றால், "உடம்பு ஏறும்னாருங்க." அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும், விரை சுருங்கும், வளரும் வயதில் எலும்பு வளர்ச்சி முன்கூட்டியே நின்று உயரமும் நின்றுபோகலாம். இதையெல்லாம் அந்த மாஸ்டர் சொல்லியிருக்க மாட்டார். எடைப் பிரிவு கபடிக்குப் போகிறவர்கள் கேட்பது லாசிக்ஸ். இதய நோயாளிக்கும் கால் வீங்கியவருக்கும் நீர் இறங்கக் கொடுக்கும் மாத்திரை அது. எடை குறையட்டும் என்று அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஆடினால், உடம்பில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். நான் இல்லை என்று அனுப்பினால் வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறுவான் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் கொடுப்பதில்லை.

அனுமதித்தால் என்ன ஆகும் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. கிழக்கு ஜெர்மனி 1974 முதல் அதை அரசுத் திட்டமாகவே நடத்தியது. பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் உட்பட ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை போனது. பலருக்கு 'வைட்டமின்' என்று சொல்லியே கொடுத்தார்கள். ஹெய்டி கிரீகர் 1986-ல் குண்டெறிதலில் ஐரோப்பிய சாம்பியன் ஆனவர். பதின்வயதிலேயே தொடங்கிய அந்த மாத்திரைகள் தன் உடம்பையே மாற்றிவிட்டன என்று பிற்பாடு அவர் சொன்னார். அங்கே அந்தப் பிள்ளைகளில் யார் முடிவெடுத்தார்கள்? மருத்துவரும் பயிற்சியாளரும் அதிகாரியும்தான். நாளைக்கு இங்கே விதியைத் தளர்த்தினாலும் அதேதான் நடக்கும். பக்கத்து லேனில் ஓடுகிறவள் போட்டுக்கொள்கிறாள் என்று தெரிந்த பிறகு, வேண்டாம் என்கிற பிள்ளைக்கு ஓட்டத்தை விட்டுப் போவதைத் தவிர வேறு வழி இல்லை. அனுமதி என்ற பெயரில் அது கட்டாயம்தான்.

எங்கள் மாவட்டத்துக்காரர் அனு ராகவனை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நான்காவதாக வந்தார். முதலில் வந்த பஹ்ரைனின் கெமி அடெகோயா ஊக்கமருந்தில் சிக்கி 2019-ல் நான்கு ஆண்டுத் தடை பெற்றார்; அனுவுக்கு வெண்கலம் என்று ஆனது. நல்ல விஷயம்தான். ஆனால் ஜகார்த்தாவில் அந்த மேடையில் நிற்க வேண்டிய நிமிஷத்தை யாரால் திருப்பித் தர முடியும்? பறளி, முண்டூர் பள்ளி மைதானங்களில் விடிகாலையில் ஓடுகிற பிள்ளைகளின் வீட்டு நிலைமை தெரிந்தவர்களுக்கு, நான்காவது இடத்துக்கும் மூன்றாவது இடத்துக்கும் நடுவில் வேலையும் பரிசுப் பணமும் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியும்.

காபி குடிக்கலாம், மலையேறிப் பயிற்சி எடுக்கலாம், ஊசி மட்டும் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காஃபீனுக்கே 2004 வரை வரம்பு இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். கோடு மனிதர்கள் போட்டதுதான், மாறவும் செய்யும். திறனைக் கூட்டுவது, உடம்பைக் கெடுக்க வாய்ப்புள்ளது, விளையாட்டின் பண்புக்கு முரணானது என்ற மூன்றில் இரண்டு பொருந்தினால் தடைப்பட்டியலில் சேர்க்கலாம் என்பது உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் அளவுகோல். என்னைக் கேட்டால் இரண்டாவது ஒன்றே போதும்.

என் கோபம் வேறு இடத்தில். உடம்பில் மருந்து இருந்தால், எப்படி வந்தாலும் வீரரே பொறுப்பு என்பது விதி. 2010 டெல்லி காமன்வெல்த்தில் தங்கம் வென்ற பெண்கள் தொடர் ஓட்ட அணியில், கேரளத்தின் சினி ஜோஸ் உட்பட மூன்று பேர் 2011-ல் ஸ்டீராய்டு சோதனையில் மாட்டினார்கள். உக்ரைன் பயிற்சியாளர் தந்த ஜின்செங்கில்தான் அது இருந்தது என்றார்கள். முதலில் ஓராண்டுத் தடை, அப்புறம் மேல்முறையீட்டில் இரண்டாண்டு ஆனது. பயிற்சியாளருக்கு வேலை போனது, அவ்வளவுதான். மருந்தைக் கொடுப்பவருக்கும் தடை விதிக்கலாம், சிறாருக்குக் கொடுத்தால் ஆயுள் தடைகூட விதிக்கலாம் என்று விதியில் இருக்கிறது. ஆனால் ஜிம் மாஸ்டர் எந்தச் சங்கத்திலும் பதிவு செய்தவர் இல்லையே, அவரை யார் பிடிப்பது? 2023 செப்டம்பரில் டெல்லி மாநில தடகளப் போட்டிக்கு நாடா (இந்தியாவின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) அதிகாரிகள் வந்ததும் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர்தான் ஓடினார். கழிப்பறையில் ஊசிகள் கிடந்த வீடியோவை நாடே பார்த்தது. அந்த ஊசிகளை விற்றவர்களைத்தான் முதலில் தேடியிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் போட்டிக்குப் போகிற பிள்ளை இருந்தால் ஒன்று செய்யுங்கள். 2019-ல் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு எட்டு மாதத் தடை வந்தது டெர்புடலினால். சாதாரண இருமல் டானிக்குகளில் இருக்கிற மருந்து அது. சளிக்கு வாங்கப் போனாலும் "நான் போட்டிக்குப் போகிறவன்" என்று கடைக்காரரிடம் சொல்லச் சொல்லுங்கள். அது இல்லாத டானிக் எங்களிடம் உண்டு, தேடி எடுத்துத் தர அரை நிமிஷம்கூட ஆகாது.