படைக்கலமும் உயிர்ச்சேதமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில், கெட்டிஸ்பர்க் களத்தில் கிடந்த துப்பாக்கிகளில் பெரும்பாலானவை சுடப்படாமலே இருந்தன என்கிறார்கள். வீரர்கள் வேண்டுமென்றே சுடாமல் இருந்தார்களா?

பதில்: 1863 ஜூலை 1 முதல் 3 வரை நடந்த அந்தச் சண்டையில் இரு தரப்பிலும் சுமார் 51,000 பேர் மாண்டார்கள், காயமடைந்தார்கள், பிடிபட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். பிறகு களத்திலிருந்து சேகரித்த துப்பாக்கிகள் 27,000க்கும் மேல். அவற்றில் ஏறக்குறைய 24,000 துப்பாக்கிகளுக்குள் மருந்தும் குண்டும் அப்படியே இருந்தன. இந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. கெட்டித்துவிட்டுக் குறிபார்ப்பதற்குள் ஒருவர் அடிபட்டு விழுந்தால் அவருடைய துப்பாக்கி கெட்டித்தபடிதான் கிடக்கும். கவனிக்க வேண்டியது அடுத்த கணக்கு. சுமார் 12,000 துப்பாக்கிகள் இரண்டு முறை கெட்டிக்கப்பட்டிருந்தன. சுமார் 6,000 துப்பாக்கிகளில் மூன்று முதல் பத்து முறை வரை. ஒரு துப்பாக்கிக்குள் 23 முறை திணித்த மருந்தும் குண்டும் இருந்தன.

அந்தக் காலத்து வாய்வழித் துப்பாக்கியைக் கெட்டிப்பது நீண்ட வேலை. காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழிக்க வேண்டும். ஏறத்தாழ 4 கிராம் கருமருந்தைக் குழலுக்குள் கொட்டி, ஈயக் குண்டைக் குழலின் வாயில் வைத்து, இரும்புக் கோலால் அடிவரை இடித்து இறக்க வேண்டும். கோலை உருவி அதன் இடத்தில் செருக வேண்டும். சுத்தியலைப் பாதி இழுத்து, பின்புறத் துளையின் முனையில், அடிபட்டதும் தீப்பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் ஒரு சிறு செப்புக் கேப்பைப் பொருத்தி, சுத்தியலை முழுக்க இழுத்தால்தான் சுட முடியும். பயிற்சி பெற்றவர் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவார். கேப் வைக்க மறந்தாலோ, துளை கரியால் அடைத்திருந்தாலோ சுத்தியல் அடிக்கும், ஆனால் மருந்து பற்றாது. தோளோடு தோள் நிற்கும் வரிசையில் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் சுடும்போது, அந்தப் புகையிலும் சத்தத்திலும் தன் துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. மேலே அடுத்ததைத் திணிப்பார். முந்தைய குண்டு உள்ளே இருந்தால் கோல் வழக்கத்தைவிட அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நிதானத்தில் இருப்பவர் கண்ணுக்கு அது தப்பாது. ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் அந்த மூன்று நாட்களின் பீதி எப்படிப்பட்டது என்பதற்கு நம்மிடம் உள்ள மிகத் தெளிவான சாட்சி.

சிலர் கொல்ல மனமில்லாமல் சுடுவதுபோல் பாவனை செய்திருக்கலாம். ஆனால் குழலுக்குள் கிடக்கும் ஈயம் எண்ணத்தைச் சொல்லாது. இரண்டாம் உலகப் போரில் நால்வரில் ஒருவருக்கு மேல் சுடவில்லை என்று அமெரிக்க ராணுவ வரலாற்றாசிரியர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் எழுதியதை இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அந்தக் கணக்கை அவர் எப்படி எடுத்தார் என்பதற்கு உறுதியான பதிவுகள் கிடைக்காததால் பின்வந்த வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்பதில்லை. நாங்களும் ஏற்கவில்லை.

கேள்வி: சினிமாவில் துப்பாக்கிக் குண்டு பட்டவர் பின்னால் தூக்கி வீசப்படுகிறாரே, உண்மையா?

பதில்: இல்லை. 7.62 மி.மீ. ராணுவ ரைஃபிள் குண்டின் எடை சுமார் 9.5 கிராம், வேகம் நொடிக்கு 840 மீட்டர். பெருக்கினால் உந்தம் 8 கிலோகிராம்-மீட்டர்/நொடி. 70 கிலோ எடையுள்ள மனிதர் அது முழுவதையும் தாங்கினாலும் அவர் உடல் நகரும் வேகம் நொடிக்கு 11 சென்டிமீட்டர்தான், நடையைவிடப் பல மடங்கு மெதுவு. சுட்டவரின் தோளுக்கும் குறைந்தது அதே அளவு உதை கிடைக்கிறது, அவர் பறந்துபோவதில்லையே. குண்டு பட்டவர் விழுவது மூளையோ தண்டுவடமோ தாக்கப்படுவதால், எலும்பு முறிவதால் அல்லது ரத்தம் இழப்பதால். ரத்த இழப்பு மட்டும் என்றால் சில நொடிகள் ஓடிவிட்டுக்கூட விழுவார்.

கேள்வி: முதல் உலகப் போரில், பிரான்ஸில் நடந்த சோம் சண்டையின் முதல் நாளில் பிரிட்டன் 57,000 பேரை இழந்தது என்கிறார்கள். ஒரே நாளில் அத்தனை பேரை இயந்திரத் துப்பாக்கியால் கொல்ல முடியுமா?

பதில்: முதலில் எண்ணைச் சரிசெய்துகொள்வோம். 1916 ஜூலை 1 அன்று பிரிட்டிஷ் சேதம் 57,470. அவ்வளவும் சாவு அல்ல. மாண்டவர்கள் 19,240, காயமடைந்தவர்கள் 35,493, காணாமல் போனவர்கள் 2,152, கைதானவர்கள் 585. ராணுவக் கணக்கில் சேதம் என்றால் இந்த நான்கும் சேர்ந்தது. எந்தப் போரைப் பற்றிப் படித்தாலும் எண் எதைக் குறிக்கிறது என்று முதலில் பாருங்கள். ‘இழப்பு’ என்ற ஒற்றைச் சொல்லால் காயமும் சாவும் குழம்பிப்போன கட்டுரைகள் ஏராளம்.

அடுத்தது, எல்லோரையும் வீழ்த்தியது இயந்திரத் துப்பாக்கி மட்டுமல்ல. ஜெர்மன் பீரங்கிகளுக்கும் பெரும் பங்கு உண்டு. இயந்திரத் துப்பாக்கிக்கு அந்த வாய்ப்பை உண்டாக்கியது, அதற்கு முந்தைய ஏழு நாள் பிரிட்டிஷ் குண்டுவீச்சு தோற்றதுதான். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் வீசப்பட்டன. பெரும்பகுதி இலகு பீரங்கிகளின் ஷ்ராப்னல் குண்டுகள், அதாவது காற்றில் வெடித்து ஈயக் கோலிகளைத் தூவுபவை. முள்கம்பியை அறுக்க அவை சரியான உயரத்தில், சரியான தூரத்தில் வெடிக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கோலிகள் மண்ணில் புதையும், கம்பி அப்படியே நிற்கும். அதிவெடி குண்டுகளோ அவற்றை வெடிக்கவைக்கும் ஃப்யூஸ் தாமதமாக வேலை செய்ததால் மண்ணுக்குள் புகுந்து பள்ளம் தோண்டின. கம்பியைத் தொட்டவுடன் வெடிக்கும் ஃப்யூஸ் பரவலாகக் கைக்கு வந்தது 1917ல். அவசர உற்பத்தியில் வந்த குண்டுகளில் வெடிக்காமல் போனவை மிக அதிகம். பத்து மீட்டர் ஆழம்வரை தோண்டிய சுண்ணப்பாறைப் பதுங்கிடங்களில் ஜெர்மன் வீரர்கள் உயிரோடு காத்திருந்தார்கள். காலை 7.30க்குக் குண்டுவீச்சு பின்பக்கம் நகர்ந்ததும் துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். முதுகில் 30 கிலோ வரை சுமந்து, முள்கம்பியில் இருந்த சில இடைவெளிகளை நோக்கிக் கூட்டமாகக் குவிந்த பிரிட்டிஷ் வீரர்கள்தான் அவர்களுக்கு இலக்கு.

ஜெர்மானியர் கையில் இருந்தது மாக்சிம் வடிவமைப்பில் வந்த எம்ஜி 08 இயந்திரத் துப்பாக்கி. 250 தோட்டாக்கள் கொண்ட துணிப் பட்டை, நிமிடத்துக்கு 500 தோட்டா அளவில் வேகம். ஒவ்வொரு தோட்டா வெடிக்கும்போதும் குழல் சற்றுப் பின்னுக்கு நகர்கிறது. அந்த உதையே வெற்றுக்கூட்டை வெளியே இழுத்து, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளி, மறுபடி சுட வைக்கிறது. குழலைச் சுற்றியுள்ள உறையில் சுமார் 4 லிட்டர் தண்ணீர். சில நிமிடம் தொடர்ந்து சுட்டால் அது கொதிக்கும். ஆவியைக் குழாய் வழியாக ஒரு தகரக் கேனுக்குள் விட்டுக் குளிரவைத்துத் திரும்ப ஊற்றுவார்கள். ஆவி வெளியே தெரிந்தால் இருக்கும் இடம் காட்டிக்கொடுக்கும் என்பதும் இதற்கு ஒரு காரணம். இந்தத் துப்பாக்கிக்கும் சங்கடங்கள் உண்டு. துணிப் பட்டை நனைந்தால் தோட்டா இறுகிச் சிக்கும். கடுங்குளிரில் தண்ணீர் உறையாமலிருக்கக் கிளிசரின் கலக்க வேண்டும். ஆனால் ஜூலை 1 வெயில் நாள். ஓடிவருபவர்களை நேராகச் சுடாமல், வரிசையின் பக்கவாட்டிலிருந்து நீளவாக்கில் சுடும்படி துப்பாக்கிகளை வைத்திருந்தார்கள். அப்படி வைத்தால் ஒருவரைத் தவறவிட்ட தோட்டா அடுத்தவரை நோக்கித்தான் போகும்.

கேள்வி: மொத்தமாகப் பார்த்தால் அதிகம் கொன்றது ரைஃபிளா, பீரங்கியா?

பதில்: முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் மருத்துவப் பிரிவு இரண்டு லட்சத்துக்கும் அதிகமான காயங்களை வகைப்படுத்தியது. குண்டுச் சிதறல் 58.5 சதவீதம், ரைஃபிள் மற்றும் இயந்திரத் துப்பாக்கித் தோட்டா 39 சதவீதம், கைக்குண்டு 2 சதவீதத்துக்குச் சற்று மேல், பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) 0.3 சதவீதம். இது சிகிச்சைக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. தலையில் தோட்டா பட்டுக் களத்திலேயே இறந்தவர் இதில் வரமாட்டார்.

கேள்வி: வியட்நாமில் எம்16 ரைஃபிள் அமெரிக்க வீரர்களையே காவுகொடுத்தது என்பது மிகைப்படுத்தலா?

பதில்: மிகை அல்ல. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கே தவறு வடிவமைத்தவர் மேசையில் நடக்கவில்லை.

யூஜின் ஸ்டோனர் இந்த ரைஃபிளைக் குச்சி வடிவ வெடிமருந்துக்காக வடிவமைத்தார். 1964ல் ராணுவம் உருண்டை வடிவ மருந்துக்கு மாறியது. அந்த மாற்றத்தால் இரண்டு விளைவுகள். ஒன்று, சுடும் வேகம் வடிவமைத்த அளவைத் தாண்டியது. வெடித்த தோட்டாக்கூடு சேம்பரின் (தோட்டா அமரும் அறையின்) சுவரை விட்டுச் சுருங்குவதற்குள், அதை வெளியே இழுக்கும் பாகமான போல்ட் இழுக்க ஆரம்பித்தது. இரண்டு, புது மருந்தில் சேர்த்திருந்த கால்சியம் கார்பனேட் படிந்து கரி அதிகமானது. இந்த ரைஃபிளில் வெடிவாயு ஒரு குழாய் வழியாக நேரே போல்ட் பகுதிக்குள் வருவதால் அழுக்கும் அங்கேயே சேரும்.

இதற்கு மேல், சேம்பருக்குக் குரோமியப் பூச்சு கொடுக்கப்படவில்லை. ஈரக் காட்டில் சில நாட்களிலேயே உட்சுவர் துருப்பிடித்துக் குழிவிழும். கூடு அந்தக் குழிகளில் பிடித்துக்கொள்ளும். இழுக்கும் கொக்கி கூட்டின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், கூடு உள்ளேயே நிற்கும். இதைக் கையால் எடுக்க முடியாது. துடைக்கும் கம்பியை முன்பக்கத்திலிருந்து நுழைத்துத் தள்ள வேண்டும். அந்தக் கம்பியும் துடைக்கும் பொருட்களும் பல பிரிவுகளுக்குக் கொடுக்கப்படவே இல்லை. இந்த ரைஃபிளைத் துடைக்கவே தேவையில்லை என்ற பேச்சு வேறு பரவியிருந்தது. எதிரியின் சூட்டுக்கு நடுவே ரைஃபிளைப் பிரித்துவைத்து, சிக்கிய கூட்டை எடுக்க முயன்ற நிலையில் தோழர்கள் இறந்துகிடந்ததாக வீரர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் நாடாளுமன்றம்வரை போயின. 1967ல் விசாரித்த ஐகார்ட் தலைமையிலான குழு, தோட்டாவில் இருந்த குறை தெரிந்தும் அதிகாரிகள் சரிசெய்யாமல் இருந்ததைக் குற்றத்துக்கு நெருங்கிய அலட்சியம் என்றே எழுதியது.

திருத்தங்கள் எளிமையானவை. சேம்பருக்குக் குரோமியம் பூசினார்கள், வேகத்தைத் தணிக்க, பின்னால் வரும் போல்ட்டின் அதிர்ச்சியைத் தாங்கும் பஃபரை மாற்றினார்கள், துடைக்கும் கம்பியும் எண்ணெயும் கொடுத்தார்கள், 1968ல் பராமரிப்பைப் படக்கதையாக வரைந்து வீரர்களுக்கு வழங்கினார்கள். கோளாறு பெருமளவு குறைந்தது. இவற்றில் ஒன்றுகூடப் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. குரோமியப் பூச்சின் பயன் இரண்டாம் உலகப் போரிலேயே அமெரிக்க ராணுவத்துக்குத் தெரியும். செலவும் அவசரமும் சேர்ந்து அதைத் தள்ளிவைத்தன. இதை மன்னிக்க எங்களால் முடியவில்லை.

கேள்வி: அப்படியானால் ஏகே-47 மட்டும் சிக்காதா?

பதில்: சிக்கும், ஆனால் குறைவு. நகரும் பாகங்களுக்கு இடையே தாராளமான இடைவெளி, கனமான வாயு பிஸ்டன், கூம்பலாகச் சரிந்த 7.62×39 தோட்டாக்கூடு ஆகிய மூன்றும் காரணம். சரிவான கூடு சிறிது நகர்ந்ததுமே சுவரை முழுக்க விட்டு விலகிவிடும். சேம்பரும் குழலும் குரோமியம் பூசியவை.

கேள்வி: தொடை எலும்பு முறிந்த வீரர்கள் முதல் உலகப் போரின் தொடக்கத்தில் பெரும்பாலும் இறந்தது ஏன்? காலில்தானே காயம்?

பதில்: தொடைத் தசைகள் உடலிலேயே மிக வலுவானவை. எலும்பு முறிந்ததும் அவை சுருங்கி, முறிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடும். ஸ்ட்ரெச்சர் ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் அந்தக் கூரான முனைகள் சதையையும் ரத்தக்குழாயையும் கிழிக்கும். ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தம் தொடைக்குள்ளேயே தேங்கலாம், வெளியே தெரியாது. சாதாரணத் தப்பைக் கட்டு இந்த இழுப்பைத் தடுக்காது. 1914, 15 ஆண்டுகளில் இப்படிப்பட்டவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் மாண்டதாகக் குறிப்பிடுவார்கள்.

எலும்பு மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸ் 19ஆம் நூற்றாண்டில் வேறு நோய்க்காகச் செய்த கால் கட்டு ஒன்றை, அவருடைய மனைவி வழி உறவினரான ராபர்ட் ஜோன்ஸ் போர்முனைக்குக் கொண்டுவந்தார். தோல் சுற்றிய ஒரு வளையம் இடுப்பு மடிப்பில் முட்டுக்கொடுக்கும். அதிலிருந்து காலின் இருபுறமும் இரண்டு கம்பிகள் பாதத்தைத் தாண்டிப் போய்ச் சேரும். பூட்ஸோடு பாதத்தை அந்த முனையில் கட்டி, கட்டுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் கால் நீளும், எலும்பு முனைகள் விலகி நேராகும். கால்சட்டையைக் கழற்ற வேண்டாம். இருட்டில் போட வேண்டியிருக்கும் என்பதால் ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்களைக் கண்ணைக் கட்டிப் பழக்கினார்கள். 1917ல் அராஸ் சண்டையில் இந்தச் சாவு விகிதம் 15.6 சதவீதமாகப் பதிவானது. ரத்தம் ஏற்றுவதும் அழுகிய சதையை உடனே வெட்டி நீக்குவதும் அதற்குள் மேம்பட்டிருந்தன, எல்லாப் பெருமையும் கட்டுக்கு மட்டும் போகாது. ஆனாலும் பல புதிய ஆயுதங்களைவிட இந்தக் கம்பி வளையத்தைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும் என்று நினைக்கிறோம்.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இறந்ததாகச் சொல்வார்கள். வீட்டில் ஒரு மெடல் மட்டும் இருக்கிறது. அவரைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மெடலின் விளிம்பைப் பாருங்கள். அந்தப் போரின் பிரிட்டிஷ் வார் மெடலிலும் விக்டரி மெடலிலும் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றை விளிம்பில் பொறித்தார்கள். வார் மெடல் வெள்ளியில் இல்லாமல் வெண்கலத்தில் இருந்தால், அவர் சண்டைப் பிரிவில் இல்லாமல் தொழிலாளர் படை போன்ற துணைப் பிரிவில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள், கட்டணம் இல்லை. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை பணியில் இறந்தவர்கள் அதில் சேர்வார்கள், உயிரோடு திரும்பியவர்கள் இருக்கமாட்டார்கள். பெயரைவிட எண்ணையும் படைப்பிரிவையும் கொண்டு தேடுவது நல்லது. நம் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே பெயர் நான்கைந்து விதமாக இருக்கும். தகப்பனார் பெயரும் ஊர்ப் பெயரும் கூடுதல் விவரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கிடைக்காவிட்டால் அவர் இறக்கவில்லை என்று எண்ணாதீர்கள். மெசபடோமியாவில் இறந்து கல்லறை தெரியாதவர்களுக்காக எழுப்பிய பாஸ்ரா நினைவிடத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகிறார்கள். அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சாதாரண வீரர்களுக்கோ படைப்பிரிவின் கீழ் எத்தனை பேர் என்ற எண் மட்டும். ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களுக்கு இப்படிப் பாகுபாடு காட்டப்பட்டதை 2021ல் அந்த ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றது அதன் அறிக்கை. விடுபட்ட பெயர்களைச் சேர்க்கும் வேலை நடக்கிறது. எனவே ஆதாரத்தோடு ஆணையத்துக்கு எழுதலாம்.

மெடலை மட்டும் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பு எழுத்து ஆழமில்லாதது, தேய்ந்துபோனால் மீட்க முடியாது. படிக்கக் கஷ்டமாக இருந்தால் இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, மெடலை மெல்லத் திருப்பிக்கொண்டே மொபைலில் படமெடுங்கள்.