ஹேலோ முதல் பாகம்: எங்க ஜெயிக்குது, எங்க சறுக்குது? கேளுங்க, சொல்றேன்

வணக்கம் மக்களே. 2001 நவம்பர் 15ல மைக்ரோசாஃப்டோட முதல் எக்ஸ்பாக்ஸ் கன்சோலோட கைகோத்து வந்த துப்பாக்கி சண்டை கேம், ஹேலோ: காம்பாட் எவால்வ்ட். பங்கி ஸ்டூடியோ செஞ்சது. ஈஸில ஆரம்பிச்சு லெஜண்டரி வரைக்கும் நாலு டிஃபிகல்ட்டிலயும் முடிச்சிருக்கேன், இன்னமும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது முழுசா ஆடிடுவேன். அதனால இதுல என்ன கேட்டாலும் சொல்றேன்னு சொல்லியிருந்தேன், வந்த கேள்விகளுக்கு ஒண்ணொண்ணா பதில் போடுறேன்.

கேள்வி: ப்ரோ, இவ்ளோ பழைய கேமை இப்ப எதுக்கு ஆடணும்? அப்படி என்ன தான் இருக்கு அதுல?

எதிரிங்க ப்ரோ, எதிரிங்க. இன்னைக்கு வர்ற நிறைய ஷூட்டர்ல எதிரி ஒரு இடத்துல தலைய நீட்டுவான், சுடுவோம், விழுவான், அவ்ளோ தான். இங்க ஒரு சண்டை எப்படி போகும்னு சொல்றேன் பாருங்க. அஞ்சாறு கிரண்ட், கூட ஒரு எலீட். கிரண்ட்னா வேற்றுகிரக எதிரிங்கள்ல குட்டையா இருக்குமே அதுங்க, எலீட் தான் அதுங்களுக்கு தலைவன். நீங்க எலீட்டோட ஷீல்டை உடைச்சிட்டா அவன் அங்கயே நின்னு சாக மாட்டான், பாறைக்கு பின்னாடி போய் ஷீல்டு ஏற வரைக்கும் காத்திருந்து திரும்ப வருவான், கிரனேடு போட்டா பக்கவாட்டுல குதிச்சு தப்பிப்பான். ஆனா அவனை முதல்ல தட்டிட்டீங்கன்னா அந்த கிரண்டுங்க எல்லாம் கைய தூக்கிட்டு துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடும். அப்ப ஒரு பிளாஸ்மா கிரனேடை ஒரு கிரண்ட் மேல ஒட்ட விட்டீங்கன்னா அது பயத்துல கத்திக்கிட்டே கூட்டத்துக்குள்ள போய் அங்க வெடிக்கும். அதே இடத்தை பத்து தடவை ஆடினாலும் பத்து தடவையும் வேற மாதிரி போகுது, நான் திரும்பத் திரும்ப ஆடுறதே இதுக்காகத் தான்.

இதை செஞ்சவங்களே 2002ல கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ்ல ஒரு விஷயம் சொன்னாங்க. டெஸ்ட் பண்ணும்போது எதிரியோட மூளைய அப்படியே விட்டுட்டு உயிரை மட்டும் கூட்டிப் பாத்திருக்காங்க, ஆடினவங்க "எதிரி இப்ப ரொம்ப புத்திசாலியா இருக்கான்"னு சொல்லியிருக்காங்க. ரெண்டு செகண்ட்ல செத்துட்டா அவன் என்ன யோசிச்சான்னு நமக்கு எப்படி தெரியும், அவன் யோசிக்கிறத நாம பாக்குறதுக்கு நேரம் வேணும்ல.

கேள்வி: நான் முழுக்க மவுஸ் கீபோர்ட் ஆளு. கன்ட்ரோலர்ல குறி வைக்கிறதே எனக்கு கொடுமையா இருக்கு. ஹேலோ தான் இரட்டை ஸ்டிக் முறைய கண்டுபிடிச்சதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

கண்டுபிடிச்சது இல்ல. ஒரு ஸ்டிக்ல நடந்து இன்னொரு ஸ்டிக்ல பாக்குற முறை 2000லயே பிஎஸ்1ல, அதாவது முதல் பிளேஸ்டேஷன்ல, ஏலியன் ரெசரெக்‌ஷன்ல இருந்துச்சு. ஹேலோ பண்ணது அதை கைக்கு பழக்கப்பட்ட மாதிரி ஆக்கினது. குறி எதிரி மேல வந்ததும் சிவப்பா மாறும், அந்த நேரத்துல ஸ்டிக் வேகம் லேசா குறையும், அதனால குறி வழுக்கிட்டு ஓடாது. அது போக தோட்டாவும் கொஞ்சமா எதிரி பக்கம் வளைஞ்சு போகும். ஆடும்போது இது எதுவுமே தெரியாது, நமக்கு கை வந்துடுச்சுன்னு தான் தோணும்.

இன்னொண்ணு, கிரனேடு. அதுக்கு முன்னாடி பல கேம்ல கிரனேடுன்னா அதுவும் ஒரு ஆயுதம், துப்பாக்கிய மாத்தி அதை எடுத்து எறியணும். இங்க இடது டிரிக்கர அமுக்குனா போதும், கையில துப்பாக்கி அப்படியே இருக்கும். துப்பாக்கியால ஒரு அடி குடுக்க பி பட்டன். சுடுறது, எறியறது, அடிக்கிறது மூணும் எப்பவும் விரல் நுனியில. ரெண்டு ஆயுதம் தான் தூக்க முடியும்ங்கிறதால எதை விட்டுட்டு எதை எடுக்கிறதுன்னு ஒவ்வொரு ரூம்லயும் யோசிக்க வேண்டியிருக்கும். மவுஸ் அளவு துல்லியம் வரவே வராது, அதை நான் மறுக்கல. ஆனா முதல் ரெண்டு லெவல் பொறுமையா ஆடிப் பாருங்க, நீங்களே எனக்கு எழுதுவீங்க.

கேள்வி: அண்ணா, லைப்ரரி லெவல்ல மாட்டிக்கிட்டு ரெண்டு நாளா முழிக்கிறேன். ஏன்ணா இப்படி ஒரு லெவல் வச்சாங்க?

தம்பி, உன் கஷ்டம் எனக்கு நல்லா தெரியும். இந்த கேமோட பெரிய குறையே அங்க தான் இருக்கு. நாலு மாடி, எல்லா மாடியும் ஒரே அச்சு, ஒரே சாம்பல் சுவரு, கதவு திறக்குற வரைக்கும் நின்னு சண்டை போடு, திரும்ப நட, திரும்ப கதவு. முதல் பதில்ல நான் புகழ்ந்தேனே அந்த எலீட், கிரண்ட் ஒருத்தரும் அங்க கிடையாது. ஃபிளட்னு செத்த உடம்பை ஆட்டி வைக்கிற ஒட்டுண்ணிங்க மட்டும் தான், அதுங்க பயப்படாது, ஒளியாது, நேரா மேல வந்து விழும். அதாவது எது இந்த கேமுக்கு உயிரோ அதை எடுத்துட்டு, எது இதுல சுமாரோ அதை மட்டும் வச்சு ஒரு லெவல்.

லைப்ரரி மட்டும் இல்ல, பின்பாதி முழுக்கவே அரைச்ச மாவு தான். அஞ்சாவது லெவல்ல போன பனி பள்ளத்தாக்குலயே எட்டாவது லெவல்ல திரும்பி வரணும். ஒன்பதாவதுல பழையபடி அதே கவனன்ட் கப்பல், அதாவது அந்த எலீட், கிரண்ட் கூட்டத்தோட கப்பல். பத்தாவதுல ஆரம்பிச்ச இடமான பில்லர் ஆஃப் ஆட்டம்ன் (Pillar of Autumn) கப்பலுக்கே வந்துடுவோம். பங்கிய மைக்ரோசாஃப்ட் வாங்கினது 2000 ஜூன்ல, எக்ஸ்பாக்ஸ் கடைக்கு வந்தது 2001 நவம்பர்ல, அதுக்குள்ள கேம் ரெடியா இருந்தே ஆகணும். 1999ல மேக்வேர்ல்டு கண்காட்சி மேடையில ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டினப்ப இது வீரனோட கண்ணால பாத்து சுடுற ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டரே கிடையாது. அந்த அவசரம் பின்பாதியில அப்படியே தெரியுது. காரணம் புரியுது, ஆனாலும் ஆடுறவனுக்கு அலுப்பு அலுப்பு தான்.

சரி, உனக்கு வழி சொல்றேன். ஷாட்கன விடவே விடாத. ஸ்னைப்பர் எடுக்காத, தோட்டா ஃபிளட் உடம்பை துளைச்சிட்டு போயிடும், அது பாட்டுக்கு வந்துட்டே இருக்கும். குட்டி குட்டியா குதிச்சு வருமே அதுங்கள பக்கத்துல வர விடாம தூரத்துலயே அசால்ட் ரைஃபிளால தெளிச்சு விடு, ஒண்ணு வெடிச்சா பக்கத்துல இருக்கிறதும் வெடிக்கும். ராக்கெட் லாஞ்சர் வச்சிருக்கிறவன் எங்கன்னு முதல்ல தேடு, அவனை முடிச்சுட்டு மத்தவங்கள பாரு. ஓடி முடிக்கலாம்னு பாத்தா பின்னாடி பெரிய கூட்டம் சேர்ந்துடும், சுவரு ஓரமா முதுகை குடுத்து நில்லு.

கேள்வி: பிஸ்டல் ஏன் இவ்ளோ பவர்? ரைஃபிளே தூக்கத் தேவையில்ல போல?

சரியா பிடிச்சீங்க. 12 தோட்டா, 2 மடங்கு ஸ்கோப், மல்டிபிளேயர்ல முழு ஷீல்டு இருக்கிறவனையும் தலையில மூணு போட்டா காலி. 60 தோட்டா அசால்ட் ரைஃபிள் பக்கத்துல வந்தா தான் வேலை செய்யும். பேலன்ஸ் தப்பு தான், ஆனா மல்டிபிளேயர்ல அது ஒரு நல்லதும் பண்ணிடுச்சு, ஆரம்பத்துல கைல குடுக்குற ஆயுதத்தாலயே எவனையும் அடிக்கலாம்ங்கிறதால ராக்கெட் வச்சிருக்கிறவன பாத்து ஓட வேண்டியதில்ல, திறமை இருந்தா நிக்கலாம்.

கேள்வி: லெஜண்டரில ஹண்டர்னு அந்த பெரிய கவச எதிரிங்க ரெண்டு பேர் வந்தாலே நான் அவுட். ஏதாவது வழி?

அதுக்கும் இதே பிஸ்டல் தான். அவன் பாஞ்சு வரும்போது பக்கவாட்டுல விலகுங்க, திரும்புறதுக்குள்ள முதுகுல ஆரஞ்சு கலர்ல சதை தெரியும், அதுல ஒரே ஒரு தோட்டா. சத்தியமா ஒண்ணே ஒண்ணு.

கேள்வி: வணக்கம் தம்பி. எங்க பையனுக்கு 11 வயசு, இந்த கேம் வேணும்னு அடம் பிடிக்கிறான். குடுக்கலாமா?

வணக்கம்க்கா. அமெரிக்காவுல இதுக்கு எம் ரேட்டிங், 17 வயசுக்கு மேலன்னு அர்த்தம். பாதி கேம் வரைக்கும் வேற்றுகிரக ஆளுங்களோட கலர்ஃபுல் சண்டை தான், அதை பாத்து பரவாயில்லன்னு தோணும். ஆனா ஆறாவது லெவல்ல ஃபிளட் வந்ததும் பேய்க்கதை மாதிரி ஆயிடும், செத்த உடம்பு எழுந்து வரும், ராத்திரி தூக்கம் கெடும். என் தங்கச்சி பையனுக்கு நான் குடுக்கல, இன்னும் மூணு நாலு வருஷம் போகட்டும்னு சொல்லி வச்சிருக்கேன்.

கேள்வி: மல்டிபிளேயர் எப்படி? ஃப்ரெண்ட்ஸோட ஆடலாமா?

அப்ப எக்ஸ்பாக்ஸ் லைவ்ங்கிற ஆன்லைன் சேவை கிடையாது, அது 2002 நவம்பர்ல தான் வந்துச்சு. அதனால ஆன்லைன் இல்ல, எதிர்ல கம்ப்யூட்டரே ஆடுற பாட் (bot) ஆளுங்களும் இல்ல, தனியா இருக்கிறவனுக்கு மல்டிபிளேயர்னு ஒண்ணுமே இல்லாத மாதிரி தான். ஆனா ஆளு இருந்தா திருவிழா. ஒரே டிவில நாலு பேர், நாலு எக்ஸ்பாக்ஸை கேபிள் போட்டு இணைச்சா 16 பேர். கதைய ரெண்டு பேரா ஸ்பிளிட் ஸ்கிரீன்ல ஆடலாம், ஒருத்தன் செத்தா இன்னொருத்தன் சண்டையில இருந்து ஒதுங்கி நின்னா திரும்ப வந்துடுவான். நானும் என் சித்தப்பா பையனும் 21 இஞ்ச் டிவிய பாதியா பிரிச்சு ஆடினோம், எழுத்து கூட சரியா தெரியாது, ஆனா "நான் செத்துட்டேன்டா, ஓடி ஒளிடா"ன்னு கத்தினது இன்னும் காதுல இருக்கு. 2015ல வந்த ஹேலோ 5ல இந்த ஸ்பிளிட் ஸ்கிரீனையே தூக்கிட்டாங்க, எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமா போச்சு.

கேள்வி: எந்த வெர்ஷன் வாங்கலாம்? புதுசா வேற ஒண்ணு வருதாமே?

மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன். ஹேலோ கேம்ங்க பலதையும் சேத்து வச்ச தொகுப்பு அது, எக்ஸ்பாக்ஸ்லயும் இருக்கு, பிசிலயும் இருக்கு. அதுல வர்றது இந்த கேமையே 2011ல புதுப்பிச்சு செஞ்ச ஆனிவர்சரி, பழைய கிராஃபிக்ஸுக்கும் புதுசுக்கும் ஒரு பட்டன்ல மாறலாம். என் பேச்சை கேட்டு பழசுலயே ஆடுங்க. புதுசு பளிச்னு இருக்கு, பிரச்சனையே அந்த பளிச் தான். ஆறாவது லெவல் சதுப்பு நிலத்துல அந்த மூட்டமும் இருட்டும் தான் வயித்தை கலக்கும், புதுசுல அது வெளிச்சமா ஆயிடுச்சு. போதாததுக்கு படம் மட்டும் தான் புதுசு, அடியில இருக்கிறது பழைய கேமே, அதனால சில இடத்துல ஒண்ணுமே இல்லாத காத்துல தோட்டா முட்டி நிக்கும்.

புதுசுன்னு கேட்டது ஹேலோ: கேம்பெய்ன் எவால்வ்ட். 2025 அக்டோபர்ல அறிவிச்சாங்க, 2026ல ரிலீஸ்னு சொன்னாங்க, பிஎஸ்5க்கும் சேத்து. கதை மட்டும் தான், எதிரெதிரா ஆடுற மல்டிபிளேயர் இல்ல. ஓடுறதுக்கு ஸ்பிரிண்ட் சேக்குறாங்க. எனக்கு அது தான் பயம், மெதுவா நடக்குறவனுக்காக அளந்து வச்ச மைதானங்க அதெல்லாம்.

கேள்வி: ஃப்ரெண்டுக்கு அரை மணி நேரம் தான் இருக்கு, எந்த லெவல் காட்டட்டும்?

நாலாவது, சைலன்ட் கார்ட்டோகிராஃபர், யோசிக்கவே வேணாம். கப்பல் கடல் மேல தாழ்வா பறந்து வந்து பீச்ல இறக்கி விடும், கூட வர்ற மெரீன்ஸ் கத்திக்கிட்டே குதிப்பாங்க. மணல்ல நடக்குற அந்த முதல் சண்டைய நீங்க ஆடி காட்டுங்க. அது முடிஞ்சதும் மேல இருந்து ஒரு வார்த்தாக் ஜீப்பை இறக்குவாங்க, நீங்க ஏறினா மெரீன் ஒருத்தன் தானா ஓடி வந்து பின்னாடி மெஷின் கன்ல ஏறிப்பான். தீவை முழுசா சுத்தலாம், எந்தப் பக்கம் போறதுன்னு நம்ம இஷ்டம். அந்த ஜீப் மணல்ல இறங்கினதும் கன்ட்ரோலர ஃப்ரெண்ட் கையில குடுத்துடுங்க.